பெட்டியை நீங்களே திறந்து பாருங்கள்

முதல் தடவையாக வெளிநாட்டுப் பயணம். அதுவும் பேரனைப் பார்க்க! கேட்க வேண்டுமா? 2023 டிசம்பரில் துபாய்க்குப் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போதே எங்கள் கூடத்தில் பெட்டி திறந்தபடி கிடந்தது. நான் ஊறுகாய், அப்பளம், பருப்புப் பொடி என்று அடுக்க, என் கணவர் தராசும் கையுமாக நின்றார். இருவருக்கும் எடையைப் பற்றித்தான் கவலை. உள்ளே இருப்பது என்ன என்ற கவலை தோன்றவே இல்லை.

எதிர்வீட்டுப் பெண் வந்தாள். "அக்கா, பெட்டியிலே கொஞ்சம் இடம் இருக்குமா? என் பையன் அங்கேதானே இருக்கான். அரைக் கிலோ குருமாப் பொடி, அவ்வளவுதான்" என்று இறுகக் கட்டிய பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். வாங்கி வைத்துவிட்டேன்.

அன்று இரவு மகளிடம் போனில் பட்டியல் படித்தேன். குருமாப் பொடி என்றதுமே பதறிவிட்டாள். "அம்மா, அதிலே கசகசா இருக்கான்னு முதல்லே கேளு!"

கசகசா என்றால் நமக்குக் குருமாவும் பாயசமும்தான். ஆனால் அது அபின் செடியின் விதை அல்லவா? ஐக்கிய அரபு நாடுகளில் அதற்குத் தடை. போதைப்பொருள் சட்டத்தில் மாட்டினால் சிறை வரை போகும். 'எங்கள் ஊரில் மளிகைக் கடையில் விற்கிறார்களே' என்றால் எடுபடாது. சவூதி அரேபியா, கத்தார் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். துபாயில் விமானம் மாறி வேறு ஊர் போகிறவர்களும் தவிர்ப்பதே நல்லது.

மறுநாள் காலை பொட்டலத்தோடு எதிர்வீட்டுக்குப் போனேன். "கசகசா இல்லாமே குருமாவா அக்கா?" என்று சிரித்தாள். பிரித்துப் பார்க்கலாமா என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "என்னை நம்பலையா?"

"உன்னை நம்பறேன்மா. ஆனா அங்கே, 'கொடுத்தது யாரு'ன்னு கேட்க மாட்டாங்க. 'பெட்டி யாருது'ன்னுதானே கேட்பாங்க?"

பிரித்தோம். பொடிக்கு நடுவே ஒரு இருமல் மருந்து பாட்டில்! "அவனுக்குச் சளி, அதான்..." என்று இழுத்தாள். பாவம், தாய் மனசு! ஆனால் சில இருமல் மருந்துகளில் கோடீன் உண்டு. கோடீன், ட்ரமடால் போன்றவை கலந்த மருந்தை முன் அனுமதி இல்லாமல் அங்கே கொண்டுபோகக் கூடாது.

வீட்டுக்கு வந்து என் பெட்டியையும் கவிழ்த்தேன். நானே அரைத்த மசாலாப் பொடியிலும் கசகசா! மாமியாரின் வெற்றிலைக் கட்டு வேறு. அதற்கும் அங்கே தடை.

ஆகவே சகோதரிகளே, புறப்படுமுன் இவற்றைக் கவனியுங்கள்:

மருந்துகளைப் பிரிக்காத அட்டையோடு, டாக்டர் சீட்டும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். வலி, தூக்கம், மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள், அந்நாட்டு அரசின் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம்.

பாஸ்போர்ட் காலாவதி ஆக, போய்ச் சேரும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும். அதற்கும் விசாவுக்கும் நகல் எடுத்து வேறு பையில் வையுங்கள். தொலைந்தால் துபாயில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 998. சின்னச் சீட்டில் எழுதிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முன்பின் தெரியாதவர்களை, முக்கியமாகப் பெண்களை, கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். அங்கே அது குற்றம்.

கைக்குழந்தையோடு போகிறவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போய்வருவது உத்தமம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

எதிர்வீட்டுப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? முந்திரியும் பொட்டுக்கடலையும் வறுத்துப் போட்டு, என் கண்ணெதிரே புதிதாகப் பொடி அரைத்துக் கொடுத்தாள். கொண்டுபோய்ச் சேர்த்தேன். "அம்மா கைமணம் அப்படியே இருக்கு ஆன்ட்டி" என்றான் பையன். கசகசாவை அவன் தேடவே இல்லை!