ஊர் விடுபட்டுப்போன கனவு

எப்படி வாழ ஆசை என்று நம்மில் யாரைக் கேட்டாலும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். கடன் தீர்ந்த சொந்த வீடு, நோய்நொடியில்லாத உடம்பு, நல்ல வேலையில் பிள்ளைகள், கடைசிக் காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்காத அளவுக்குக் கொஞ்சம் பணம். இதில் எதுவும் தப்பான ஆசை இல்லை. வறுமையைப் பார்த்த அப்பா அம்மா நமக்காகப் பட்ட ஆசைகள்தாம் இவை. ஆனால் வாசற்படிக்கு வெளியே இருக்கும் ஒன்றுகூட இந்தக் கனவுக்குள் வரவில்லை.

சங்கப் புலவர் பிசிராந்தையாரிடம் இதே கேள்வி வேறு விதமாக வந்தது. இத்தனை வயதாகியும் நரைக்காதது எப்படி என்று கேட்டார்கள். அவர் சொன்ன பதில் புறநானூற்றின் 191ஆம் பாடல். மனைவி நற்குணம் நிறைந்தவள், பிள்ளைகள் அறிவு நிரம்பியவர்கள், ஏவலர் தன் எண்ணப்படி நடப்பவர்கள், அரசன் தீங்கு செய்யாமல் காப்பவன் என்று வரிசையாகச் சொல்லி, அதற்கெல்லாம் மேலாகத் தன் ஊரில் அடக்கமுள்ள சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்று முடிக்கிறார். நல்ல அக்கம்பக்கம் இருந்தால் மனிதனுக்குக் கவலை குறையும், கவலை குறைந்தால் முதுமை தள்ளிப்போகும் என்பது அவர் கண்ட வாழ்க்கை. அந்த ஐந்தில் மனைவி மக்களை மட்டும் நாம் இறுகப் பற்றிக்கொண்டோம். ஊரைக் கைவிட்டோம்.

ஊரார் ஊரை நிர்வகித்ததைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் என்றால் நமக்குப் பெருமை பொங்கும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை அவை. குடும்புகள் எனப்பட்ட 30 பகுதிகளிலிருந்து குடவோலை முறையில் ஆள் எடுத்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார்கள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வாரியத்துக்கு வர முடியாது. ஆனால் நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அங்கே இடம். நம் முன்னோரில் பெரும்பாலோர் வெளியேதான் நின்றிருப்பார்கள். இன்று அந்தத் தடை இல்லை. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் கிராம சபையில் உட்காரலாம், ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கலாம். நூற்றாண்டுகளாகச் சாத்தியிருந்த கதவு திறந்தபிறகு நாம் உள்ளே போகவில்லை.

நகரத்தில் இன்னும் மோசம். சென்னை மாநகராட்சிக்கு 2011க்குப் பிறகு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலரே இல்லாமல் கிடந்தோம். அதை ஒரு குறையாகவே நாம் உணரவில்லை. தேர்தல் வந்தபோது வாக்களித்தவர்கள் பாதிக்கும் குறைவு. 2015 டிசம்பரில் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்போதும் போரை இன்னும் ஆழமாக இறக்கினோம், லாரிக்குச் சொல்லி வைத்தோம். பக்கத்து வீட்டுக் கிணறு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. மனை வாங்கும்போது பட்டா சரியா, வில்லங்கம் உண்டா, வங்கிக் கடன் கிடைக்குமா என்றெல்லாம் துருவிப் பார்த்தோம். அந்த இடத்தில் முன்பு மழைநீர் எங்கே நின்றது என்று ஒருவரையும் கேட்கவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இப்படித்தான் சுருங்கியது, நம்மைப் போன்றவர்களின் நியாயமான வீட்டுக் கனவுகளாலும்.

சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கிளை நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம சபை கூடும் நாட்கள் இவை. இவற்றில் பல அரசு விடுமுறை. அந்த நாட்களில் நம்மில் எத்தனையோ பேர் சொந்த ஊரில்தான் இருந்தோம். குலதெய்வத்தைக் கும்பிட்டோம், சொந்தபந்தத்தோடு சாப்பிட்டோம், பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறினோம். சபையில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். நம் பெரியம்மாவும் சித்தியும் அத்தையும் அவர்களில் இருந்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, கூலி பாக்கி நிற்கிறது என்று எழுந்து கேட்டவர்கள் அவர்கள்தாம். வரவு செலவுத் தாளைப் படித்து விளக்கவும், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதவும், தீர்மானம் பதிவேட்டில் சரியாக ஏறியதா என்று பார்க்கவும் அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்கான படிப்பை அந்த ஊரின் பள்ளிக்கூடம்தான் நமக்குக் கொடுத்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து நம் வீட்டை மட்டும் கட்டினோம்.