மண்ணை வெட்டாதீங்க, பரண் காலை வெட்டுங்க

டவுன்ல இருந்து எங்க கரட்டடிக்கு இடம் பார்க்க வர்றவங்க எல்லாரும் மொதல்ல சொல்றது ஒன்னுதான்: "வியூ சூப்பருங்க." கிரயம் முடிஞ்ச அடுத்த வாரமே அந்த வியூவைக் குடுத்த சரிவைச் சீவ ஜேசிபி வந்துரும். சரிவு புடிச்சுத்தானே வாங்குனீங்க? அப்புறம் ஏன் அதைக் கிரிக்கெட் மைதானம் ஆக்கறீங்க?

எங்க காட்டுக்கு மேல்புறம் ரெண்டு ஏக்கர் வாங்குனவர் நல்ல மனுசன்தான். கொல்லிமலையைப் பார்த்த மாதிரி மூணு அடுக்கு 'டெக்' கட்டணும்னு ஆசை. மேல சாப்பாட்டு மேசை, நடுவுல ஊஞ்சல், கீழ நெருப்பு மூட்டிக் குளிர்காய ஒரு குழி. (நாமக்கல் வெயில்ல குளிர்காயறது! சரி, அவங்க ஆசை.) ஆசையில தப்பில்லை. மேல்பக்கம் வெட்டுன மண்ணை அப்படியே கீழ்பக்கம் தள்ளி, அதைத் தாங்க எட்டடிக்கு ஹாலோ பிளாக் சுவர் எழுப்புனாங்க பாருங்க, அதுதான் தப்பு. தண்ணி வெளியேற ஒரு ஓட்டை இல்லை. கேட்டேன். "ஓட்டை விட்டா சுவத்துல கறை படியுங்க"ன்னாங்க.

ஒரு ஏக்கர்ல ஒரு சென்டிமீட்டர் மழை பேஞ்சா 40,000 லிட்டர் தண்ணி. பத்து சென்டிமீட்டர்னா 4 லட்சம். முன்னெல்லாம் புல்லும் வரப்பும் அதைத் தடுத்துத் தடுத்து எறக்கும். இப்ப அது பொலபொலன்னு கெடக்கிற புது மண்ணுக்குள்ள எறங்கி, சுவத்துக்குப் பின்னாடி நிக்குது. ஈரம் ஏறுன மண்ணு ஒரு கனமீட்டர் 2 டன் வரும். ஐப்பசியில ரெண்டு நாள் விடாம அடிச்ச மழைக்கு, ராத்திரியில சுவர் வயித்தைத் தள்ளிக்கிட்டு விழுந்துருச்சு. எங்க மஞ்சள் காட்டுல எட்டுப் பாத்தி மண்ணுக்குள்ள போச்சு. அஞ்சு மாசப் பயிரு.

அதே சரிவுல எங்கப்பா கட்டுன கல்லுக்கட்டு நாப்பது வருசமா நிக்குது. ஒரு பிடி சிமெண்ட் இல்லை. அடியில அகலமா கருங்கல்லு, மேல போகப் போக அடிக்கு ரெண்டு இஞ்ச் உள்சாய்வு, பின்னாடி சல்லி. தண்ணி கல்லிடுக்குல கசிஞ்சு போயிரும். கொல்லிமலை மேல போனீங்கன்னா நெல்லு வயலைப் பாருங்க, படிப்படியா எறங்கும். ஒவ்வொரு படியும் குட்டைதான். எட்டடிக்கு ஒரே சுவர்னு அங்க யாரும் நெனைக்க மாட்டாங்க.

சரி, கல்லு அடுக்க ஆள் இல்லை, காசு இல்லைன்னா பரண் இருக்கே! சரிவுல காவலுக்குப் பரண் போடறவன் மண்ணைத் தொடவே மாட்டான். மேல்பக்கக் கால் குட்டை, கீழ்பக்கக் கால் நெட்டை, மேல தட்டு மட்டம். உங்க டெக்குன்னா என்னங்க, பணக்காரப் பரண்தானே? கல்லுக்காலோ இரும்புக்காலோ, கெட்டி மண்ணு வரைக்கும் குழி எடுத்து நிறுத்துங்க. மூணு தட்டுக்கும் நடுவுல படி வைங்க. மழைத்தண்ணி அடியில அது பாட்டுக்குப் போகட்டும்.

ஏற்காட்டுலயும் கொல்லிமலையிலயும் கட்டடம் கட்டணும்னா ஹாகா அனுமதின்னு ஒன்னு இருக்கு. எங்க கரட்டடிப் பட்டாக் காட்டைக் கேக்க நாதியில்லை. பெருமழையில சரிவு மண்ணு என்ன செய்யும்னு 2024 டிசம்பர் 1-ல திருவண்ணாமலையில பார்த்தோம். மலையடிவாரத்துல மண்ணும் பாறையும் சரிஞ்சு 7 பேரு போயிட்டாங்க.

இதைப் பேசுனா, "என் இடம், என் இஷ்டம்"ங்கறாங்க. இடம் உங்களுதுதாங்க. அதுல இருந்து எறங்கி வர்ற தண்ணியும் மண்ணும் யாரு காட்டுக்கு வருது?

அவரு விதை மஞ்சளுக்குக் காசு குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன். தை பொறந்ததும் மறுபடி ஜேசிபி வந்து நிக்குது. போய்க் கேட்டேன். இந்தத் தடவை பத்தடிச் சுவராம், கான்கிரீட்டாம். ஓட்டையைப் பத்திக் கேட்டதுக்கு, யோசிக்கலாம்ங்கறாரு.