முரளிதரன் பட்ட கடன் எது?

விளையாட்டு வீரர் ஒருவரைப் புகழ்வதும் இகழ்வதும் இரசிகர்க்கு இயல்பு. ஆனால் முத்தையா முரளிதரனின் பெயர் எழுந்ததும் தமிழரிடையே நிகழ்வது விளையாட்டுப் பேச்சன்று, வழக்கு விசாரணை. ஒரு சாரார் அவரை இனத்தின் பெருமை என்பர். மறுசாரார் துரோகி என்பர். இரு தீர்ப்புகளுமே பிழையானவை.

அவருடைய ஆற்றலில் ஐயமில்லை. 1995 டிசம்பரில் மெல்பர்ன் ஆட்டத்தில், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை அறிவித்தார். பிறவியிலேயே முழுதும் நீளாத முழங்கையை உடைய அவர், ஆய்வுகளுக்குத் தம்மை உட்படுத்தி, தொடர்ந்து ஆடினார். 2010 ஜூலையில் காலி மைதானத்தில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அவ்வெல்லையை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

பிளவு அவருடைய கையால் வந்ததன்று, வாயால் வந்தது. 2019இல் அவர் கோத்தபய ராஜபக்சவை ஆதரித்தார். தம் வாழ்வில் மகிழ்ச்சியான ஆண்டு 2009 என்றார். போர் முடிந்து மக்கள் அச்சமின்றி வாழ வழி பிறந்ததையே குறித்ததாகப் பின்னர் விளக்கினார். ஆயினும், 2020இல் அவர் வாழ்க்கையைச் சொல்லும் திரைப்படத்தில் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி, தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பினால் விலக நேர்ந்தது. அப்படம் வேறொரு நடிகரைக் கொண்டு 2023இல் வெளிவந்தது.

‘விளையாட்டு வேறு, அரசியல் வேறு’ என்று அவரைக் காப்போரின் வாதம் நில்லாது. வேட்பாளர் ஒருவரை ஆதரித்துப் பேசியவர் தாமாகவே ஆடுகளத்தை விட்டு வெளியேறியவர் அல்லரோ? முள்ளிவாய்க்காலில் மகனைத் தொலைத்த தாய்க்கு 2009 எத்தகைய ஆண்டு என்பதை அவர் எண்ணிப் பேசியிருக்க வேண்டும். அச்சொல்லைக் கண்டிக்கும் உரிமை அத்தாய்க்கு உண்டு. எண்ணூறு விக்கெட்டுகள் அவ்வுரிமையை அழித்துவிட மாட்டா.

எனினும், கண்டனம் வேறு, துரோகப் பட்டம் வேறு. துரோகம் என்றால் அதற்கு முன்பு ஒரு கடன் இருக்க வேண்டும். முரளிதரன் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்திய குடும்பத்தின் பிள்ளை. அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்திற்கு வந்தவர். அம்மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையை இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. அப்போது வடபுலத் தமிழ்த் தலைமையும் ஒன்றுபட்டு நிற்கவில்லை. 1949இல் செல்வநாயகம் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்க இதுவும் ஒரு காரணமாயிற்று. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கி வைத்தது. மனிதரைப் பண்டம்போல் எண்ணிப் பிரித்த அந்நாளில் அவர்களுக்காக எத்தனை திரையரங்குகளின் முன் மறியல் நடந்தது? கணக்கில் சேர்க்காத மக்களின் பேரனிடம் இன்று கணக்குக் கேட்பது எவ்வகை நீதி?

இதனைப் பிறரினும் தெளிவாக உணரவேண்டியவர் பேராக் மாநிலத் தமிழரே. ஆயர் தாவார் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியோரும் அதே தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கப்பலேறியோரின் வழிவந்தவர்களே. 1969இல் வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர் எத்துணை பேர்! குடியுரிமை உறுதியில்லாத வீட்டில் வளரும் பிள்ளை, ஆட்சியாளரிடம் அளந்து பேசக் கற்றுக்கொள்கிறான். அக்கல்வி பெருமைக்குரியதன்று, ஆனால் அது துரோகமும் அன்று.

இரசிகர் பிளவுபடுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. தாம் பேசாத பேச்சை வீரன் பேசவேண்டும் என்று ஒவ்வொரு தரப்பும் விரும்புகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களிடம் கேட்கத் துணியாத கேள்வியைப் பந்து வீசுபவரிடம் கேட்பது எளிது. வீரரோ வாக்குப் பெற்றவர் அல்லர். எவருடைய பிரதிநிதியும் அல்லர்.

ஆதலின் தமிழாசிரியர் மாணவர்க்குக் கற்பிக்கத்தக்கது ஒன்றுண்டு. முரளிதரனின் பந்துவீச்சைப் போற்றுக. 2009 பற்றிய சொல்லைக் கண்டிக்க. இரண்டையும் ஒரே மூச்சில் செய்க. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்க வேண்டா. நாளை தமிழ்ப்பள்ளித் திடலில் ஓடும் சிறுவன் ஒருவன் உலகப் புகழ் பெறக்கூடும். அவன் வென்றால் இனத்தின் சொத்து, வாய் தவறினால் இனத்தின் பகை என்னும் தராசையே அவனுக்கும் எடுத்துவைப்பதாயின், அவன் ஓடத் தொடங்கும் முன்பே அவன் காலைக் கட்டியவர் தமிழரே ஆவர்.