தண்ணீரில் லித்தியம்: பயம் வேண்டாம், பரிசோதனை வேண்டும்

மதுரையில் பல வீடுகளில் இன்று மூன்று வகைத் தண்ணீர் புழங்குகிறது. சமையலுக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர், குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர். காஜிமார் தெருவிலும் நெல்பேட்டையிலும் கோரிப்பாளையத்திலும் மஹபூப்பாளையத்திலும் இதுதான் நிலை. இவற்றில் எது நல்லது என்பதை நாம் நாக்கை வைத்தே முடிவு செய்கிறோம். உப்புக் கரித்தால் கெட்ட தண்ணீர், கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர். ஆனால் நாக்குக்குத் தெரியாத பொருள்களும் தண்ணீரில் கரைந்திருக்கலாம். அப்படி ஒன்றைப் பற்றித்தான் அண்மை ஆண்டுகளில் உலக நாடுகள் பேசுகின்றன. அதன் பெயர் லித்தியம்.

செல்போன் பேட்டரியிலும் எலக்ட்ரிக் ஸ்கூட்டரிலும் இருக்கும் அதே உலோகம்தான் இது. மனநோய்க்கான மாத்திரையாகவும் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. பாறைகளிலும் இயற்கையாகவே இருப்பதால், நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும்போது அதில் சிறிதளவு கரைகிறது. ஆகவே தண்ணீரில் லித்தியம் இருந்தால் அது ஏதோ ஓர் ஆலையின் சதி என்று உடனே முடிவுக்கு வரத் தேவையில்லை.

உலகம் என்ன கண்டது?

அமெரிக்காவின் புவியியல் ஆய்வுத் துறை 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அங்கு பொதுக் குடிநீர் வழங்கும் கிணறுகளில் சுமார் 45 சதவீதத்திலும், வீட்டுக் கிணறுகளில் சுமார் 37 சதவீதத்திலும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் லித்தியம் இருந்தது. 10 மைக்ரோகிராம் என்பது சட்டப்படியான வரம்பு அல்ல. அதற்கு மேல் போனால் கவனித்துப் பாருங்கள் என்று சொல்லும் எச்சரிக்கைக் கோடு மட்டுமே. பின்னர், 2023 முதல் 2025 வரை பொதுக் குடிநீரில் கட்டாயமாகச் சோதிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் அந்நாடு லித்தியத்தையும் சேர்த்தது.

இதனால் உடலுக்கு என்ன ஆகும்? விடை ஒரே திசையில் இல்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1990-ல் வெளியான ஆய்வு, தண்ணீரில் லித்தியம் சற்றுக் கூடுதலாக உள்ள பகுதிகளில் தற்கொலை குறைவாக இருப்பதாகக் கூறியது. ஜப்பானிலும் அதுபோன்ற முடிவு வந்தது. மறுபுறம், அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலைக் கிராமங்களில் தண்ணீரில் லித்தியம் மிக அதிகம். அங்குள்ள பெண்களிடம் தைராய்டு சுரப்பியின் வேலை பாதிக்கப்படுவதற்கான அறிகுறிகளை 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது. டென்மார்க்கில் 2023-ல் வெளியான ஆய்வு, கர்ப்பிணிகள் குடிக்கும் நீரிலுள்ள லித்தியத்துக்கும் குழந்தைகளின் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. தொடர்பு தெரிவது வேறு, அதுவே காரணம் என்று நிரூபிப்பது வேறு.

அளவையும் மறந்துவிடக் கூடாது. மருத்துவர் தரும் 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் சுமார் 56 மில்லிகிராம் லித்தியம் உள்ளது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் உள்ள தண்ணீரை ஒரு நாளைக்கு 2 லிட்டர் குடித்தால் உடலுக்குள் போவது 0.02 மில்லிகிராம். அந்த ஒரு மாத்திரை இதைப் போல் சுமார் 2,800 மடங்கு. எனவே வாட்ஸ்அப்பில் "தண்ணீரில் மனநோய் மருந்து" என்று யாராவது அனுப்பினால் பதற வேண்டாம், மற்றவர்களுக்கு அனுப்பவும் வேண்டாம்.

நம் பட்டியலில் இல்லை

அப்படியானால் கவலையே இல்லையா? பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியாவின் குடிநீர்த் தர அளவுகோலான ஐ.எஸ். 10500-ல் ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக், ஈயம் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. லித்தியத்துக்கு இல்லை. பட்டியலில் இல்லாத பொருளை வழக்கமான பரிசோதனையில் யாரும் தேடுவதில்லை. கேன் தண்ணீர்க்காரர் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் இதைச் சொல்லாது. அது எல்லா உப்புகளின் மொத்த அளவை மட்டுமே காட்டும்.

மதுரையும் சுற்றியுள்ள சமவெளியும் கடினப் பாறைப் பகுதி. வைகை வறண்ட மாதங்களில் மக்கள் ஆழ்துளைக் கிணறுகளையே நம்புகிறார்கள். கிணறு ஆழமாக ஆக, பாறையோடு நீண்ட காலம் உறவாடிய நீர்தான் மேலே வருகிறது.

பாறையிலிருந்து கரையும் ஒரு பொருள் என்ன செய்யும் என்பதைத் தமிழகம் ஏற்கனவே ஃபுளோரைடில் பார்த்திருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பற்களில் கறை படிந்தது, எலும்புகள் வளைந்தன. தண்ணீரைச் சோதித்துக் காரணம் தெரிந்த பிறகும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் திறக்கப்பட்டது. லித்தியம் ஃபுளோரைடைப் போன்றது என்று நாம் சொல்லவில்லை. பாதிப்பு கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்து பிறகு சோதிப்பது ஏழைகள் மீது சுமத்தப்படும் செலவு என்பதே அந்த அனுபவம் தரும் பாடம்.

குப்பையில் போகும் பேட்டரி

இயற்கையைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. தென்கொரியத் தலைநகர் சியோலில் ஹான் ஆற்றை ஆராய்ந்தவர்கள் 2019-ல் ஓர் உண்மையை வெளியிட்டனர். ஆறு நகருக்குள் நுழையும்போது குறைவாக இருந்த லித்தியம், மக்கள் நெருக்கமான பகுதிகளைக் கடந்தபோது பல மடங்கு உயர்ந்தது. மருந்து, பேட்டரி, கழிவுநீர் ஆகியவற்றின் சேர்க்கை அது. சுத்திகரிப்பு நிலையங்களால் அதைப் பிரிக்க முடியவில்லை. ஆற்றில் இருந்தது குழாயிலும் வந்தது.

வைகையும் கழிவுநீரைச் சுமந்துகொண்டுதான் மதுரையைக் கடக்கிறது. நகரின் குப்பை அவனியாபுரம் வெள்ளைக்கல்லில் குவிகிறது. ஒவ்வொரு வீட்டிலும் பழைய செல்போன், பவர் பேங்க், குழந்தைகளின் பொம்மைக்குள் இருந்த பேட்டரி என்று ஏதாவது கிடக்கிறது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்களிடம் ஒப்படைத்துள்ளன. ஆனால் தெருவில் உள்ள குப்பைத் தொட்டிக்கு அந்த விதி தெரியாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதுபோன்ற செய்திகளைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்தவே கூடாது. அவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் கூடி நஞ்சாகலாம். ஆகவே நோன்பு வைக்கும் எண்ணம் இருந்தால், ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். இந்த நோயை வெட்கப்பட்டு மறைக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சே நடப்பதில்லை.

இரண்டாவது, தண்ணீரைக் காய்ச்சுவதால் கிருமி சாகும், லித்தியம் போகாது. ஆர்.ஓ. இயந்திரம் அதைப் பெருமளவு குறைக்கும். அதற்காக, இந்த ஒரு காரணத்தைச் சொல்லிக் கடன் வாங்கி ஆர்.ஓ. மாட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, ஜமாஅத்துகள் பள்ளிவாசல் வாசலில் பழைய பேட்டரி சேகரிக்கும் பெட்டி ஒன்றை வைக்கலாம். சேர்ந்ததை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். பழைய இரும்புக் கடையிலும் மொபைல் சர்வீஸ் கடையிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளிடம் பேட்டரியை உடைக்கவோ எரிக்கவோ வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

நான்காவதுதான் முக்கியமானது. உளூ செய்யும் பள்ளிவாசல் போர் தண்ணீரைத் தெருவே குடம் வைத்துப் பிடிக்கிறது. அந்தத் தண்ணீர் உட்பட மாநகராட்சியின் 100 வார்டுகளிலும் குழாய், ஆழ்துளைக் கிணறு, லாரித் தண்ணீர் ஆகியவற்றின் மாதிரிகளை எடுத்து, லித்தியத்தையும் சேர்த்து ஒருமுறை சோதித்து முடிவை வெளியிட வேண்டும். இந்தக் கோரிக்கையை மாநகராட்சியிடமும் குடிநீர் வடிகால் வாரியத்திடமும் மனுவாகக் கொடுப்போம். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

கேட்டால் நடக்குமா என்ற சந்தேகம் வேண்டாம். அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து மேலூர் வட்டார மக்கள் சாதி, சமயம் பாராமல் ஒன்றாக நின்றார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மண்ணுக்காக அப்படிக் கேட்க முடிந்த மதுரை மக்களுக்கு, தாங்கள் குடிக்கும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்பது பெரிய காரியம் அல்ல. வரும் முடிவு அளவு குறைவு என்று சொன்னால் நிம்மதி. கூடுதல் என்று சொன்னால், வேறு நீராதாரம் தேட நமக்குக் கால அவகாசம் கிடைக்கும்.