குட்டியும் பிள்ளையும்

அணிலை அணிற்பிள்ளை என்றும் கீரியைக் கீரிப்பிள்ளை என்றும் அழைப்பது தமிழர் வழக்கு. பெற்ற பிள்ளையையோ ‘செல்லக்குட்டி’ என்று கொஞ்சுவர். இந்தப் பெயர்மாற்றம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைத் தருகிறது. அவற்றுள் மக்களுக்கு உரியவை குழவி, மகவு என்னும் இரண்டே. அவ்விரண்டிலும் குழவி யானைக் கன்றுக்கும் உரியது. மகவு குரங்கின் குட்டிக்கும் உரியது. மனிதக் குழந்தைக்கெனத் தனித்த பெயர் ஒன்றையும் அந்த இயல் ஒதுக்கி வைக்கவில்லை. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தி, மனிதரை உச்சியில் வைத்ததும் அதே இயல்தான் என்பது எண்ணத்தக்கது.

இத்தகைய மொழியைப் பேசுவோரிடமும் இன்று ஒரு புதிய செய்தி வந்து சேர்ந்திருக்கிறது. தம் உள்ளியல்பு ஓநாயினுடையது, பூனையினுடையது, பருந்தினுடையது என உணரும் இளைஞர்கள் உலகின் பல நாடுகளில் உள்ளனர். காட்டுவிலங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த ‘தேரியன்’ என்னும் பெயரால் அவர்கள் தம்மைக் குறித்துக்கொள்கின்றனர். சிலர் முகமூடியும் வாலும் அணிவர்; சிலர் கைகளையும் ஊன்றி நான்கு காலில் ஓடிப் பழகுவர்; பலர் புறத்தே எந்த அடையாளமும் காட்டுவதில்லை. தம் உடல் மனித உடலே என்பதை அவர்கள் நன்கு அறிவர். தன் உடலே விலங்காக மாறிவிட்டது என ஒருவர் உறுதியாக நம்புவது மிக அரிதான உளநோய்க்குறி. அது மருத்துவர் கவனிக்க வேண்டியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதிலிருந்தே பெரும்பாலான ஏளனம் தொடங்குகிறது.

நகைப்பும் அச்சமும்

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு ஒரு வதந்தி பரவியது. தம்மைப் பூனையென்று கூறும் மாணவர்களுக்காகப் பள்ளிக் கழிப்பறைகளில் பூனைகள் கழிவதற்கான மணல் தட்டுகள் வைக்கப்படுகின்றன என்பது அதன் சாரம். அரசியலர் சிலரும் அதை மேடைகளில் முழங்கினர். பள்ளி நிருவாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்த பின்னரும் அது ஓயவில்லை. ரஷ்யாவில் 2024ஆம் ஆண்டு, முகமூடி அணிந்து நான்கு காலில் ஓடி விளையாடிய சிறுவர்களைக் கண்டு கலங்கிய அரசியலர் சிலர் தடைச்சட்டம் வேண்டும் என்றனர். குதித்தோடும் சிறுவர்களுக்கு எதிராக ஒரு நாட்டின் சட்டத்தையே துணைக்கு அழைப்பது சற்று மிகையே.

சப்பானியரான கெனிச்சி இத்தோவின் வரலாறு இவற்றுக்கு மாறானது. இளமையில் முகச்சாயலைச் சுட்டிக் குரங்கென்று கேலி செய்யப்பட்டவர் அவர். குரங்குகளின் ஓட்டத்தை ஆண்டுக்கணக்கில் உற்றுநோக்கிப் பயின்ற அவர், 2015இல் 100 மீட்டர் தொலைவை நான்கு காலில் 15.71 விநாடியில் கடந்து கின்னஸ் சாதனை படைத்தார். விநாடிகளை எண்ணியதும் ஊர் கைதட்டியது. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாத பிள்ளைகளுக்கு அந்தக் கைதட்டல் கிட்டுவதில்லை.

காஞ்சியின் விலங்குகள்

மனிதரையும் விலங்கையும் ஓருருவில் காணப் பழகிய ஊர் காஞ்சிபுரம். இங்கிருந்து ஆண்ட பல்லவர் சிம்மவிஷ்ணு, நரசிம்மவர்மன், இராசசிம்மன் எனச் சிங்கத்தைத் தம் பெயரிலேயே ஏற்றுக்கொண்டனர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் தூண்களில் இன்றும் சிங்கங்கள் முன்கால்களைத் தூக்கி நிற்கின்றன. திருவேளுக்கையில் சிங்கமுகப் பெருமாளின் பெயர் அழகிய சிங்கர். தறியில் நெய்யப்படும் பட்டின் கரையிலும் முந்தியிலும் மயிலும் அன்னமும் யாளியும் இருதலைப் பட்சியும் வரிசை கட்டுகின்றன. மணமகளின் தோளில் யாளி ஏறினால் மங்கலம் என மகிழும் சமூகம், பள்ளி மாணவன் ஒருவன் ஓநாய் முகமூடி அணிந்தால் மட்டும் குடிகெட்டதெனப் பதறுவது வியப்புக்குரியது.

வரதராசப் பெருமாள் கோயிலின் பல்லிகள் இன்னும் நெருக்கமான சான்று. பூசைக்குக் கொணர்ந்த நீர்க்குடத்தில் பல்லி விழுந்திருந்ததைக் கவனியாமையால், கௌதம முனிவரின் மாணவர் இருவர் பல்லிகளாகுமாறு சபிக்கப்பட்டனர் என்றும், காஞ்சிக்கு வந்து வழிபட்டு மீண்டனர் என்றும் தலபுராணம் கூறும். விலங்குருவாகி நின்ற அந்த இளைஞர்களை ஊர் கல்லெறிந்து விரட்டியதாகக் கதையில்லை. பொன்னும் வெள்ளியும் வேய்ந்து கூரையில் வைத்திருக்கிறது. வருவோர் கைநீட்டித் தொட்டுச் செல்கின்றனர்.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். புலியாட்டக் கலைஞர் ஆட்டம் முடிந்ததும் வண்ணத்தைக் கழுவி வீடு திரும்புகிறார். அவர் ஏற்றது வேடம், இவ்விளைஞர் கூறுவதோ அடையாளம். இம்மறுப்பு நியாயமானதே. பழைய மரபைக் காட்டிப் புதிய உணர்வுக்குச் சான்றிதழ் வழங்க இயலாது. ஆயினும் வேடத்திலும் எல்லை எப்போதும் அத்தனை தெளிவாக இருந்ததில்லை. தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நடைபெறும் பாகவத மேளாவில் நரசிம்மராகத் தோன்றுபவர் நோன்பிருந்தே முகமூடி அணிகிறார். உக்கிரம் ஏறித் தம்மை மறக்கும் வேளையில் அவரைத் தாங்கிப் பிடிப்பதற்கென்றே ஆட்கள் அருகில் நிற்கின்றனர். மனிதருக்குள் விலங்கு எழும் என்பதை அந்த ஊர் முன்னரே அறிந்திருக்கிறது; அதற்கேற்பக் கைகளையும் ஆயத்தமாக வைத்திருக்கிறது.

இன்றைய இளைஞருக்கு இல்லாதது அந்தக் கைகளே. திருவிழா நாளும் மேளமும் உடனிருப்போரும் இன்றித் தனியறையில் அவர் அவ்வுணர்வை எதிர்கொள்கிறார். வெளியே சொன்னால் வகுப்பு நகைக்கிறது; மறைத்தால் தனிமை வளர்கிறது. அவர் கூறுவதை அப்படியே உண்மையென ஏற்க வேண்டும் என்பதில்லை. பதின்பருவத்தில் தோன்றும் அடையாளங்கள் பல சில ஆண்டுகளில் உதிர்வதும் உண்டு, நிலைப்பதும் உண்டு. எது உதிரும் என்பதை ஏளனத்தால் விரைந்து அறிந்துகொள்ள முடியாது. ஏளனம் செய்வதெல்லாம் அப்பிள்ளை வீட்டாரிடமும் ஆசிரியரிடமும் பேசுவதை நிறுத்தச் செய்வதே.

பெற்றோர் கேட்க வேண்டியவை எளிய வினாக்கள். பிள்ளை உண்கிறானா, உறங்குகிறானா, நண்பரோடு பழகுகிறானா, படிப்பில் மனம் செல்கிறதா? இவையெல்லாம் செவ்வனே நடைபெறுமாயின் முகமூடி அலமாரியில் இருந்துவிட்டுப் போகட்டும். இவற்றில் ஒன்று குலைந்தாலோ, தன்னையே வெறுக்கும் சொற்கள் வாயில் வந்தாலோ, விலங்கைப் பற்றிய வாதத்தை விடுத்து அந்தத் துயரைக் கவனிக்க வேண்டும். மனநல ஆலோசனைக்கான 14416 என்னும் தொலைபேசி எண் அதற்காகவே உள்ளது; ஓநாய் என்று தொடங்கும் பேச்சையும் அங்கே கூசாமல் சொல்லலாம்.