யார் செய்தால் ஊழியம்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு வரும் ஊழியக் குழுக்கள், திரும்பிப் போகும்முன் சாட்சி சொல்வது வழக்கம். பெரிய அற்புதங்கள் எதையும் சொல்வதில்லை. வெங்காயம் உரித்தேன், தட்டு கழுவினேன், மலைக்கிராமத்துக் குழந்தைக்குத் தலைவாரிவிட்டேன், அந்தச் சின்னச்சின்ன வேலைகளில் ஆண்டவரின் அன்பை உணர்ந்தேன் என்பார்கள். அதில் பொய்யில்லை. சொல்லும்போதே கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் கேள்வி அந்தக் கண்ணீரைப் பற்றியதல்ல. அந்த ஐந்து நாட்களுக்கு முன்னும் பின்னும் வெங்காயம் உரிப்பவள் யார்? அவளை ஏன் யாரும் சாட்சி சொல்ல அழைப்பதில்லை?

ஒரு தியான இல்லத்தின் சமையற்கட்டில் அப்படி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். சேர்வராயன் கோயிலுக்குக் கீழே உள்ள ஓர் ஊர்க்காரர். கேரளத்து மலையாளி அல்ல, இந்த மலையின் பழங்குடியான மலையாளி. பதினாறு வருடமாக அங்கே வேலை. "நீங்களும் ஒருநாள் சாட்சி சொல்லலாமே அக்கா" என்றேன். சிரித்தார். "எனக்கு என்ன சாட்சி இருக்குது டீச்சர்? ராத்திரிக்கு அண்டா தேய்க்கிறதுதான் இருக்குது. அவங்க கழுவுன தட்டையே நான் இன்னொரு வாட்டி கழுவுறேன்."

அவருக்கு வார விடுப்பு கிடையாது. கேட்டால், "எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி வெச்சிருக்கோம்" என்றார் நிர்வாகி. அதைத்தான் நானும் சொல்கிறேன். விடுப்பு இல்லை, வேலைநேரம் இல்லை, கணக்கு இல்லை. குடும்பம் மாதிரியேதான்.

தமிழ் படித்தவள் என்பதால் சொல்லுக்குள் போய்ப் பார்க்கிறேன். இன்று சபைகளில் 'ஊழியம்' என்றால் இறைப்பணி. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அதே சொல்லுக்கு, ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலை என்று பொருள். அந்த ஊழியத்திலிருந்து தம் சபையாருக்கு ஞாயிற்றுக்கிழமையாவது விலக்கு வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதாடியவர்கள் லண்டன் மிஷன்காரர்கள். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும், அதில் கிடைத்த காசைக் கொண்டு அடிமைப் பெண்கள் தங்களை மீட்டுக்கொண்டதும் மிஷன் வரலாறு பெருமையோடு சொல்லும் செய்திகள். பெருமைப்படத் தக்கவைதான். கூலி என்பது விடுதலை என்று அன்று தெரிந்திருந்தது. இன்று அதே மரபின் சமையற்கட்டில் கூலியைப் பற்றிப் பேசினால் அன்பில்லாதவள் என்று பெயர்.

வேதத்தையே எடுத்துக்கொள்வோம். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவினார். கால் கழுவுவது அடிமையின் வேலை. அதை ஆண்டவர் செய்ததுதான் அங்கே செய்தி. அடிமை கழுவியிருந்தால் அந்த இரவில் எழுத ஒன்றுமில்லை. பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிரண்டு பேர் கால்களைக் கழுவுவதைக் கோயில் நிறையக் கூடிப் பார்க்கிறோம். கத்தோலிக்க வழிபாட்டு விதிப்படி 2016 வரை அந்தக் கால்கள் ஆண்களுடையவையாக இருக்க வேண்டும். மாமியாருக்கும் மாமனாருக்கும் நம் அம்மாக்கள் வருடக்கணக்கில் செய்த பணிவிடையைப் பார்க்க யாரும் கூடியதில்லை.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் ஒரு பெண் விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றுகிறாள். அவள் செய்தது உலகமெங்கும் நினைவுகூரப்படும் என்கிறார் அவர். தைலத்தின் விலை 300 பணத்துக்கு மேல் என்பது பதிவாகியிருக்கிறது. அவள் பெயரை மாற்கு எழுதவில்லை.

"அன்புக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அரசு உதவிபெறும் பள்ளிகளில் பணிசெய்யும் கன்னியாஸ்திரிகளின் சம்பளம் அவர்களது சபைக்குப் போகிறது. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குத் தனி வருமானம் இல்லை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஏற்கவில்லை. அது சம்பளம்தான், வரி பிடிக்கலாம் என்றது. வரி என்று வந்தபோது கணக்கு வந்துவிட்டது. மதத்தில் மட்டுமல்ல இது. ஆஷா பணியாளரை ஒன்றிய அரசு 'தன்னார்வலர்' என்கிறது. அங்கன்வாடிப் பெண்களுக்குத் தருவதை 'மதிப்பூதியம்' என்கிறது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022இல் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள். ஆண்கள் 97. அதுவும் நான்கில் ஓர் ஆண்தான் வீட்டுவேலையே செய்கிறார்.

அன்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்பு எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்கிறேன். ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இல்லாமல் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர், மருத்துவம் படித்து 1900இல் திரும்பிவந்தார். வேலூரில் 1909இல் செவிலியர் பயிற்சியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். தன் கைகளின் கருணையோடு அவர் நின்றுவிடவில்லை. மற்றப் பெண்களின் கைகளுக்குத் தொழிலும் பட்டமும் சம்பளமும் வரச்செய்தார். அந்த அன்பை என்னால் மதிக்க முடிகிறது. ஐந்து நாள் தட்டு கழுவிவிட்டு, கழுவுகிறவளை அங்கேயே விட்டுவிட்டு வரும் அன்பை அப்படி மதிக்க முடியவில்லை.

சேர்வராயன் கோயில் ஒரு குகை. கலெக்டராக இருந்தாலும் காப்பித்தோட்ட முதலாளியாக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கடவுளின் முன் எல்லோரும் குனிவது சமத்துவம். ஒருத்தி மட்டும் பதினாறு வருடம் அண்டாவுக்கு முன் குனிந்தால் அது சுரண்டல்.

மாணவிகளே, அடுத்த கோடையில் நீங்களும் ஊழியப் பயணம் போகலாம். என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போகலாம். போங்கள். தட்டு கழுவுங்கள். கூடவே சமையற்கட்டில் இருப்பவரின் பெயரைக் கேளுங்கள். சம்பளம் எவ்வளவு, வார விடுப்பு உண்டா, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டதை நிர்வாகியிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. அதையும் சாட்சி நேரத்தில் சொல்லுங்கள்.