மெனு அட்டையில் இருந்தது, தட்டில் இல்லை

நண்பர்களே, இந்த முறை கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். ஆறட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். ஆறவில்லை.

விமானத்தில், அதுவும் பிசினஸ் கிளாஸில், போட்ட சாப்பாட்டைப் பற்றிய புகார் இது. "பென்ஷன்காரருக்கு பிசினஸ் கிளாஸ் கேட்குதா?" என்று உங்களில் சிலர் சிரிப்பீர்கள். டிக்கெட் மகன் எடுத்தது. அவன் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் நடந்து ஒரு வருடம்தான் ஆகிறது. காலை மடக்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார அவளால் முடியாது. பிள்ளைகள் பிரான்சில் இருக்கும் நம் புதுச்சேரி வீடுகள் பலவற்றில் இன்று இதுதான் நிலவரம். இரண்டு பேருக்கும் போக வர என்ன விலை என்று அவன் சொல்லவில்லை. நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் ஒரு வருடப் பென்ஷனுக்குப் பக்கத்தில் வந்தது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பேச உரிமை வந்தது என்று நினைக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பாரிஸிலிருந்து இரவு பத்து மணிக்குப் புறப்பாடு. வளைகுடா நாட்டில் இறங்கி வேறு விமானம் பிடித்துச் சென்னை. எங்களுக்கு ஏழாவது வரிசை; பிசினஸ் கிளாஸில் அதுதான் கடைசி. கனமான காகிதத்தில் அச்சடித்த மெனு அட்டை வந்தது. ஆட்டுக்கறி, மீன், காய்கறி பிரியாணி என்று மூன்று வகை. மூன்றில் எது வேண்டுமோ தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று மேலே போட்டிருந்தது. என் மனைவி பிறந்ததிலிருந்து சைவம். "காய்கறி பிரியாணி இருக்கு, பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

அவளுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. மேஜையில் வெள்ளைத் துணி விரித்ததும், சாப்பாடு வந்துவிட்டது என்று நினைத்து ஊசி போட்டுக்கொண்டாள்.

பணிப்பெண் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்களிடம் வந்தபோது ஆட்டுக்கறி மட்டும்தான் மிச்சம். "சாரி மேடம்" என்று எத்தனை முறை சொன்னாரோ தெரியாது. மனைவி உடனே, "பரவாயில்லை, எனக்குப் பசியில்லை" என்று சொல்லிவிட்டாள். என் பக்கம் திரும்பி, "விடுங்க, அந்தப் பொண்ணு என்ன பண்ணும்" என்றாள். அவள் ரொட்டியில் பாதியும் நாலு இலை சாலட்டும் சாப்பிட்டாள். நான் ஆட்டுக்கறி சாப்பிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது; ஆனால் சாப்பிட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து என் கையைத் தொட்டு எழுப்பினாள். அவள் கை வியர்த்து, நடுங்கிக்கொண்டிருந்தது. பேச்சு குழறியது. லா ஷப்பெல் கடைத்தெருவில் வாங்கிய முறுக்கும் கடலை மிட்டாயும் விமானத்தின் வயிற்றில், பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. நான் மணியை அழுத்தினேன். அதே பெண்தான் ஓடி வந்தார். ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் தெளிவு வந்தது. பிறகு அவர் பின்னால் எகானமிப் பகுதிக்குப் போய், அலுமினியப் பெட்டியில் சோறும் பருப்பும் சூடாகக் கொண்டுவந்தார். வெள்ளைத் துணி விரித்த மேஜையில் அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு மனைவி சாப்பிட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் நல்லா இருக்கட்டும். என் சண்டை, தரையில் உட்கார்ந்துகொண்டு எத்தனை தட்டு ஏற்றுவது என்று கணக்குப் போட்டவர்களோடு.

ஊருக்கு வந்ததும் கடிதம் எழுதினேன். பிரெஞ்சில் எழுதினேன்; படித்த படிப்பு அதற்காவது உதவட்டும். பத்தி பத்தியாக எண் போட்டு, நாள், இருக்கை எண் எல்லாம் குறித்து, குமாஸ்தா எழுதுவதுபோலவே எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "உணவுத் தேர்வுகள் இருப்பைப் பொறுத்தவை" என்று ஒரு வரி, வருந்துகிறோம் என்று ஒரு வரி, அடுத்த பயணத்துக்குக் கொஞ்சம் மைலேஜ் புள்ளிகள். ஊசியைப் பற்றியும் மயக்கத்தைப் பற்றியும் நான் எழுதிய நாலாவது பத்திக்குப் பதிலே இல்லை.

"இருப்பைப் பொறுத்தது." இந்த வாசகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். என் சர்வீஸில் பதினொரு வருடம் ரேஷன் பிரிவில் இருந்தேன். மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ஜனங்கள் நின்ற காலம். ஒரு கடைக்கு எத்தனை கார்டு, கார்டுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் ஒதுக்கீடு போகும். ஆனாலும் வரிசையின் கடைசியில் நின்ற கிழவிக்குப் பல நாள் கிடைக்காது. எங்களிடம் மனு கொண்டுவந்தால், "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்கம்மா" என்று நானே சொல்லியிருக்கிறேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அந்த மரியாதையை வைத்து அவர்கள் என்ன சமைத்திருப்பார்கள் என்று அன்று யோசிக்கவில்லை. ஏழாவது வரிசையில் உட்கார்ந்தபோது யோசித்தேன்.

ஆனால் ரேஷன் கடைக்கும் இவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எங்களிடம் சரக்கே பற்றாக்குறை. இவர்களிடம் என்ன பற்றாக்குறை? அந்தப் பகுதியில் மொத்தம் 28 இருக்கை. யார் எங்கே உட்காருவார்கள் என்பது புறப்படுவதற்குப் பல நாள் முன்பே கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயர், வயது, எந்த ஊருக்குப் போகிறார்கள் என்பது உட்பட எல்லாம் தெரியும். தெற்கே இந்தியாவுக்குப் போகிறவர்கள் பாதிப்பேர் இருக்கும் விமானத்தில் சைவத் தட்டு நாலைந்துதான் ஏற்றினால் அது எப்படிப் போதும்?

எடை, இடம், வீண் என்று பதில் சொல்வார்கள். நியாயம்தான். 28 பேருக்கும் மூன்று வகையும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்றால் 84 தட்டு ஏற்ற வேண்டும். 56 குப்பைக்குப் போகும். அதை நான் கேட்கவில்லை. இரண்டு நாள் முன்பு ஒவ்வொருவரையும் கேளுங்கள் என்கிறேன். செய்ய முடியாத காரியமா? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் மேல்வகுப்புப் பயணிகளிடம் முன்கூட்டியே கேட்டுச் சமைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பல வருடமாக வைத்திருக்கிறது. கேட்டுச் சமைத்தால் வீணாவதும் குறையும், ஏமாற்றமும் குறையும். இருக்கையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி நாலு மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் சாப்பாட்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப மாட்டார்களாம்.

சிக்கனம் எங்கே பிடிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 1980களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டல், சாலட்டில் ஓர் ஆலிவ் காயைக் குறைத்தே வருடத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்தார் என்ற கதையை விமானத் தொழிலில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். மிச்சம் பிடிக்கட்டும். ஆனால் அட்டையில் பெரிய சமையல் நிபுணர்களின் பெயரை அச்சடிக்கக் காசு இருக்கிறது. பீங்கான் தட்டுக்கும் துணி நாப்கினுக்கும் காசு இருக்கிறது. கூடுதலாக இரண்டு சைவத் தட்டுக்கு மட்டும் இல்லை.

அந்த நிபுணர்களின் கைவண்ணமும் மேலே எடுபடுவதில்லை. பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் இருக்கும். கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்து சாப்பிடுவதுபோல. அதோடு உலர்ந்த காற்று, எஞ்சின் இரைச்சல். 2010-ல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் லுஃப்தான்சாவுக்காக நடத்திய ஆய்வில், அங்கே உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகத்தான் தெரிகின்றன என்று கண்டார்கள். எல்லாமே கீழே சமைத்து, குளிரவைத்து, மேலே மறுபடி சூடாக்குவதுதான். ஆகவே விருந்து யாரும் கேட்கவில்லை. சொன்னது, சூடாக, நேரத்துக்கு வந்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். பழைய குமாஸ்தா, பார்க்காமல் இருப்பேனா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் விதிப்படி, பாரிஸ் போன்ற ஊரிலிருந்து புறப்படும் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், வாங்கிய வகுப்பிலிருந்து கீழ்வகுப்பில் உட்கார வைத்தால் டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். இருக்கை கீழே இறங்கினால் முக்கால் பணம். சாப்பாடு கீழே இறங்கினால் ஒரு "சாரி". தட்டைப் பற்றி அந்த விதியில் ஒன்றும் இல்லை.

பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒரு பாடம் நடத்தினார். பிரெஞ்சில் "கார்த்" வேறு, "மெனு" வேறு. "கார்த்" என்றால் நாம் தேர்ந்தெடுக்கும் பட்டியல். "மெனு" என்றால் ஒரு விலைக்குக் கடைக்காரர் தீர்மானித்துப் போடும் சாப்பாடு. அந்தக் கணக்கில் விமானத்தில் கொடுத்த அட்டைக்கு "மெனு" என்று பெயர் வைத்தது உண்மையான காரியம்தான். பாரிஸில் மகன் கூட்டிப்போன சின்னச் சாப்பாட்டுக் கடையில் பலகையில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு பண்டம் தீர்ந்ததும் கடைக்காரர் வந்து அதை அழித்துவிட்டுப் போனார். அந்த நாணயம் போதும் எனக்கு. இல்லாததை அச்சடித்துக் கையில் கொடுத்து ஆசை காட்டாதீர்கள்.

இனி நம்மவர்களுக்குச் சில வார்த்தைகள். இது பட்டுத் தெரிந்துகொண்டது.

மேல்வகுப்பில்தான் தேர்வு இருக்கிறதே என்று நம்பி "ஸ்பெஷல் மீல்" பதியாமல் இருக்காதீர்கள். "அதைப் பதிஞ்சா ஒரே தட்டைக் கொண்டுவந்து வெச்சிடுவாங்கப்பா, மெனுவிலிருந்து எடுக்க முடியாது" என்று மகன் சொன்னான், அது உண்மைதான். ஆனால் ஒரே தட்டு, தட்டே இல்லாததைவிட மேல். இந்திய முறைச் சைவத்துக்கு ஏ.வி.எம்.எல். என்ற குறியீடு. "இந்து மீல்" என்று எச்.என்.எம்.எல். ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் மாட்டிறைச்சிதான் இருக்காது, கோழியோ மீனோ ஆடோ வரும். பொதுவாகப் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். சொன்னது ஏறியிருக்கிறதா என்று கவுண்டரில் இன்னொரு முறை கேளுங்கள்.

ஊசி போடுகிறவர்கள், தட்டு கண்முன் வந்த பிறகே போடுங்கள். எங்கள் டாக்டர் என்னைத் திட்டிச் சொன்னது இது. வீட்டில் அடுப்பு நம் கையில் இருக்கிறது, அங்கே இல்லை என்றார். சர்க்கரையோ குளுக்கோஸோ கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். நம் தலைமுறைக்கு அந்த வார்த்தை நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெண்களுக்கு இன்னும் அதிகம். "எனக்குச் சர்க்கரை, ஊசி போட்டாயிற்று, சைவம் ஏதாவது வேண்டும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பெண் அப்போதே பின்னால் போய் எடுத்து வந்திருப்பார். கேட்காதது எங்கள் தப்பு. அதற்காக அவர்கள் தப்பு குறைந்துவிடாது.

புள்ளிகள் வேண்டாம், நாலாவது பத்திக்குப் பதில் வேண்டும் என்று இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. டிசம்பரில் பேத்தியின் பிறந்தநாளுக்கு மறுபடி போகிறோம். மனைவி இப்போதே சொல்லிவிட்டாள்: "நீங்க கடுதாசி எழுதிக்கிட்டே இருங்க. நான் புளிசாதம் கட்டிக்கிட்டு வரேன்."